கண் நன்றாகத்தான் தெரிகிறது, படத்தில் மட்டும் கோளாறு என்கிறார்களே?

கேள்வி: எனக்கு 49 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது, மாத்திரை மட்டும்தான். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த சர்க்கரை முகாமில், கையில் பிடிக்கிற ஒரு கேமராவால் கண்ணைப் படம் எடுத்தார்கள். சில நிமிடத்தில் ‘விழித்திரையில் பாதிப்பு உள்ளது, கண் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று கம்ப்யூட்டரே சீட்டு கொடுத்துவிட்டது. டவுனில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, ‘வலது கண்ணில் நடுவே வீக்கம் இருக்கலாம், ஓசிடி எடுங்கள், தேவைப்பட்டால் கையில் சாயம் ஏற்றி ஆஞ்சியோவும் எடுக்கலாம்’ என்றார்கள். எனக்கோ கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்ப்பதில்கூடத் தடுமாற்றம் இல்லை. ‘மிஷின் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்’ என்கிறார் கொழுந்தனார். பக்கத்து வீட்டு அக்கா, லேசர் வைத்த பிறகுதான் தனக்குப் பார்வை மங்கியது என்கிறார். நாலு மாதமாகத் தள்ளிப் போட்டுவிட்டேன். இதற்கிடையில் சர்க்கரை டாக்டர் இன்சுலின் போடச் சொல்கிறார். மூத்த மகள் மூன்று மாதக் கர்ப்பிணி, அவளுக்கும் சர்க்கரை இருக்கிறது என்கிறார்கள். அவளும் கண்ணைப் படம் எடுக்க வேண்டுமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். இந்த வாரமே போய் ஓசிடி என்கிற அந்தக் கண் ஸ்கேனை எடுத்துவிடுங்கள். நாலு மாதம் போனது போகட்டும், ஐந்தாவது மாதம் வேண்டாம்.

உங்கள் கண் நன்றாகத் தெரிகிறது என்பதும் உண்மை, படத்தில் பாதிப்பு தெரிகிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சர்க்கரையால் வரும் கண் நோயை நாங்கள் அஞ்சுவதே இதனால்தான். நீங்கள் ப்ளவுஸின் உட்பக்கம் லைனிங் வைத்துத் தைப்பதுபோல, கண்ணின் உட்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதுதான் விழித்திரை. ஊசிக் காதைத் தேடும் கூர்மையான பார்வை இந்தப் படலம் முழுவதிலிருந்தும் வருவதில்லை. நடுவில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு குழி இருக்கிறது, அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் குழியின் நட்டநடுவில், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவுக்கு ரத்தக்குழாயே கிடையாது. சர்க்கரை கெடுப்பதோ ரத்தக்குழாயை. ஆகவே சுற்றுப்புறமெல்லாம் கசியத் தொடங்கிய பிறகும் நடுப்புள்ளி பல காலம் தப்பித்து நிற்கும், நூல் கோர்க்க முடியும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பும் இல்லை, அதனால் வலித்துக் காட்டிக் கொடுக்கவும் வழியில்லை.

இன்னொன்று, நமக்கு இரண்டு கண் இருப்பதால் ஒன்றின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். இன்றைக்கே இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கண்ணாடியோடு, வலது கண்ணால் மட்டும் நாள்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மறுபக்கம். ஒரு கண்ணில் கோடு வளைந்தாலோ நடுவில் மங்கல் தெரிந்தாலோ வீக்கம் நடுப்புள்ளியைத் தொட்டிருக்கலாம். ஆனால் கோடு நேராகத் தெரிந்தால் பரிசோதனை வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் தெரிகிறது? முகாமில் கொடுத்த சீட்டில் உங்கள் படமும் அச்சாகியிருந்தால் எடுத்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். மூக்குப் பக்கம் வெளிறிய மஞ்சளில் ஒரு தட்டு, அது பார்வை நரம்பு தொடங்கும் இடம். அதிலிருந்து மேலும் கீழுமாகக் கிளை பிரிந்து ஓடுபவை ரத்தக்குழாய்கள். கொஞ்சம் மெல்லியதாக, வெளிர் சிவப்பாக இருப்பது தமனி, தடித்துக் கருஞ்சிவப்பாக இருப்பது சிரை. பெரிய குழாய்கள் எல்லாம் நடுப்புள்ளியைச் சுற்றி வளைத்துப் போகும், குறுக்கே போகாது. ஒருவரின் உடம்பைக் கிழிக்காமல், ஊசி குத்தாமல், உடம்புக்கு உள்ளே ஓடும் ரத்தக்குழாயை நேருக்கு நேர் பார்க்கக் கூடிய அரிய இடம் இது. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் 1851-இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டதிலிருந்து, இத்தனை வருடமாக மருத்துவர்கள் இந்தச் சாளரம் வழியாகத்தான் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருக்கும்போது, நுண்ணிய குழாய்களின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் முதலில் அழிகின்றன. தாங்கல் போன இடத்தில் சுவர் குமிழ்போல் உப்புகிறது. படத்தில் அது ஊசி நுனியால் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். நோயின் முதல் அடையாளம் அது. சில குமிழ்கள் உடைந்து சற்றே பெரிய ரத்தத் திட்டாகின்றன. சில, ரத்தத்தின் நீரையும் கொழுப்பையும் கசியவிடுகின்றன. நீர் தேங்கினால் வீக்கம், கொழுப்பு படிந்தால் மஞ்சள் துணுக்குகள். குழாய் அடைத்துப்போய் ரத்தம் கிடைக்காத இடத்தில் பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் வெள்ளைத் திட்டு. இன்னும் முற்றினால் சிரைகள் மணி கோர்த்ததுபோல் ஏறி இறங்கித் தெரியும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. புதுக் குழாய் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை, அவை பலமில்லாதவை. ஒருநாள் காலை எழும்போது பொத்தென்று உடைந்து கண் முழுக்க ரத்தம் பரவிவிடும், அல்லது சுருங்கி விழித்திரையையே பிடித்து இழுத்துவிடும். அதுவரை அந்த நபருக்குப் பார்வை நன்றாகவே இருந்திருக்கலாம்.

அடுத்து, கொழுந்தனாரின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், ஆனால் அந்த மிஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். கண் படத்தைக் கம்ப்யூட்டர் பார்ப்பதில் முன்பு ஒரு வழி இருந்தது. படத்தின் பச்சை ஒளிப் பகுதியை மட்டும் பிரித்து எடுப்பார்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அதில் குழாயும் ரத்தத் திட்டும் கறுப்பாகத் துலங்கும். பிறகு குழாய்களை எல்லாம் கோடு கோடாகத் தடம் பிடித்து நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கறுப்புப் புள்ளிகளைத் தேடுவார்கள். குழாய் வளையும் இடமும், இரண்டு குழாய் குறுக்கிடும் இடமும் ரத்தத் திட்டுபோல் ஏமாற்றும், எனவே குழாயைச் சரியாகப் பிரிப்பதிலேயே பாதி வேலை போய்விடும். இப்போது வந்திருப்பவை பெரும்பாலும் வேறு ரகம். மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்த படங்களை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் காட்டிப் பழக்கப்படுத்தியவை. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அப்படிப் பயன்படுத்தியவை 1,28,175 படங்கள். அமெரிக்கப் படங்களோடு, மதுரை அரவிந்த் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் சேர்ந்தவை. ஆகவே இது எங்கேயோ வெள்ளைக்காரர் கண்ணைப் பார்த்துப் படித்துவிட்டு நம் கண்ணைக் கணிக்க வந்த விஷயம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம்மூர் மக்களின் விழித்திரையும் அதற்குப் பாடமாக இருந்திருக்கிறது.

தவறே செய்யாதா என்றால், செய்யும். சென்னையில் ஒரு நீரிழிவு மருத்துவமனையில் ஸ்மார்ட்போன் கேமராவால் சுமார் 300 பேரைப் படமெடுத்து, கம்ப்யூட்டரின் முடிவையும் கண் மருத்துவர்களின் முடிவையும் ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளியான ஆய்வு அது. பாதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவர்களைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பாதிப்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரை மட்டுமே ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது. மீதி இருபது பேரை வீணாகக் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கும். நோயாளி ஒருவரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காக, சந்தேகம் வந்தாலே அனுப்பிவிடும்படி இவற்றை வைப்பது வழக்கம். என்னைக் கேட்டால் அதுவே சரி. வீணாக ஒருமுறை பஸ் ஏறி வந்தவருக்கு அரை நாள்தான் நஷ்டம், விடுபட்டுப் போனவருக்குக் கண் நஷ்டம்.

உங்கள் விஷயத்தில் இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. மிஷின் சொன்ன பிறகு ஒரு மருத்துவர் கண்ணின் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவிலுள்ள துளையை, விரித்து, விளக்கடித்து, தன் கண்ணால் பார்த்துவிட்டார். அவரும் வீக்கம் இருக்கலாம் என்றே சொல்கிறார். இனி இது மிஷினின் பேச்சு இல்லை. எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். மிஷின் தப்பாகச் சொல்லிப் பார்வை இழந்தவர்களைவிட, சரியாகச் சொல்லியும் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுப் பார்வை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முகாம் படம் ‘பாதிப்பு இல்லை’ என்று சொல்லியிருந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தெருவில் அந்தச் சீட்டு வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள். ஒரு சாதாரணப் படத்தில் விழித்திரையின் நடுப்பகுதிதான் விழும், ஓரங்கள் விழாது. புரை இருந்தாலோ பாப்பா சிறுத்திருந்தாலோ படம் மங்கும். தாய்லாந்தில் ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களில் இப்படியொரு மென்பொருளை இயக்கிப் பார்த்தபோது, வெளிச்சம் சரியில்லாமல் எடுத்தவை உட்படப் படங்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தரம் போதாது என்று கம்ப்யூட்டரே திருப்பிவிட்டது. சீட்டில் ‘படம் தெளிவில்லை’ என்று இருந்தால் அதை ‘நோய் இல்லை’ என்று படிக்கக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும் என்றே படிக்க வேண்டும். கண் அழுத்த நோயையும் இந்தச் சீட்டு கணக்கில் எடுத்துக்கொண்டிருக்காது. சுத்தமாக இருக்கிறது என்று வந்தாலும் அடுத்த வருடம் மறுபடி ஒரு படம் எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

சரி, ஓசிடிக்கு வருவோம். முகாமில் எடுத்தது மேலிருந்து பார்க்கிற படம். ஒரு வீக்கம் எவ்வளவு உயரம் என்று மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. ஓசிடி ஒளியை அனுப்பி விழித்திரையைக் குறுக்கே வெட்டிய மாதிரி காட்டும். அடுக்கடுக்காகத் தெரியும், எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது, எத்தனை மைக்ரான் தடித்திருக்கிறது என்று அளந்துவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது, கண்ணைத் தொடுவதுகூட இல்லை. தாடையை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியைப் பார்த்தபடி சில நொடி அசையாமல் இருந்தால் போதும். நடுவில் வீக்கம் இருக்கலாம் என்று ஒருவர் சந்தேகப்பட்ட பிறகு இந்தச் சோதனையைத் தவிர்க்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சாயம் ஏற்றும் ஆஞ்சியோவில் நான் அவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். முன்கையின் ரத்தக்குழாயில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, அது கண்ணின் குழாய்களில் ஓடுவதை நீல ஒளியில் தொடர்ந்து படமெடுப்பார்கள். இதை 1961-இல் எழுதி வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு பேர், அப்போது அவர்கள் மருத்துவ மாணவர்கள். எங்கே கசிகிறது, எங்கே ரத்தமே போகவில்லை என்பதை இதைப்போல் எடுத்துக்காட்டுவது வேறில்லை. இதயத்துக்கு எடுக்கும் ஆஞ்சியோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அந்தச் சாயம் வேறு, இது வேறு. சிலருக்கு ஏற்றியவுடன் குமட்டல் வரும், நிமிடங்களில் அடங்கிவிடும். தோல் சில மணி நேரம் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் ஒரு நாளுக்குமேல்கூட அடர் மஞ்சளாகப் போகலாம். காமாலை என்று பயப்படாதீர்கள். அபூர்வமாக ஒவ்வாமை வரலாம் என்பதால் ஆஸ்துமா, ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது பல இடங்களில் சாயமே இல்லாமல் ஓசிடி கருவியைக் கொண்டே குழாய்களைப் படமெடுக்கிறார்கள். ரத்த அணுக்கள் நகர்வதை வைத்துக் குழாயின் வரைபடத்தை அது எழுதிவிடும். அடைப்பு அதில் நன்றாகத் தெரியும், கசிவு தெரியாது. ஆகவே எல்லாருக்கும் சாயம் வேண்டும் என்பதும் இல்லை, யாருக்குமே வேண்டாம் என்பதும் இல்லை. ஓசிடி முடிந்ததும் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், ஆஞ்சியோவில் என்ன தெரிந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள்?” ஒரு நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தெளிவான பதில் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செலவுதான் தடை என்றால், அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் விசாரியுங்கள். பணம் இல்லை என்று சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு.

பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணைப் பார்க்காமல் அவருக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். லேசர் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்கு இல்லை, இருப்பது போகாமல் காப்பதற்கு. புதுக் குழாய்கள் முளைத்த கண்களில் லேசர், கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1970-களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு நிரூபித்துவிட்டது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகள் வைப்பதால் இருட்டில் பார்வை கொஞ்சம் குறையும், பக்கவாட்டுப் பார்வை சற்றுச் சுருங்கலாம். சிலருக்கு நடு வீக்கம் தற்காலிகமாகக் கூடும். இதை முன்பே சொல்லாமல் லேசர் வைத்தால், பிற்பாடு மங்கல் வரும்போது ‘லேசர்தான் கெடுத்தது’ என்று தோன்றாமல் என்ன செய்யும்? அந்த விளக்கம் நோயாளிக்குச் சேர வேண்டிய உரிமை, கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு நடு வீக்கம் உறுதியாகி, பார்வையையும் பாதித்தால், இன்றைக்கு முதலில் யோசிப்பது பெரும்பாலும் லேசரை அல்ல, கண்ணுக்குள் போடும் ஊசியை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள். ஒன்றோடு முடியாது, மாதாமாதம் சில தடவை போட வேண்டி வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வை குறையாமல் வீக்கம் மட்டும் லேசாக இருந்தால், ஒன்றும் செய்யாமல் குறிப்பிட்ட இடைவெளியில் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சைதான்.

இன்சுலின் விஷயத்தில் உங்கள் சர்க்கரை டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கண்ணில் பாதிப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? முகாம் சீட்டைக் காட்டியிருக்கிறீர்களா? நெடுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, சிலருக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் விழித்திரை பாதிப்பு கொஞ்சம் கூடுவது உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான நீண்ட கால ஆய்விலேயே இது தெரிந்தது. அதே ஆய்வுதான், சில வருடம் போனபின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களின் கண்ணே வெகுவாகத் தப்பியது என்றும் காட்டியது. எனவே இன்சுலினைக் கண்ணுக்காகத் தள்ளிப் போடாதீர்கள், இன்சுலின் தொடங்கும் முன் கண்ணைப் பார்த்துவிடுங்கள். ஓசிடியை இந்த வாரமே எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அது கூடியிருந்தால் கசிகிற குழாய் இன்னும் கசியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் ஒரு சோதனை எடுங்கள், கண்ணின் நுண்குழாய் கெட்டவருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாயும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மகளைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். சர்க்கரை அவளுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே இருந்ததா, கர்ப்பத்தில்தான் வந்ததா? முன்பே இருந்தது என்றால் இந்த முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், பிரசவம்வரை இடையிடையே தொடர வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்தப் பாதிப்பு வேகமாக முற்றலாம். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரை என்றால் கண்ணுக்கென்று தனிச் சோதனை வழக்கமாகத் தேவைப்படாது. ஆனால் மூன்றாம் மாதத்திலேயே சர்க்கரை தெரிகிறது என்பதால், அது முன்பே இருந்து யாரும் கவனிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று அவளுடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கி, வெயிலில் கண் கூசும். வண்டி ஓட்டக் கூடாது, அன்றைக்குத் தையல் ஓடாது, அவசரத் துணி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகாம் சீட்டு, படம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதற்குள் எப்போதாவது கண் முன்னால் கறுப்புத் துளிகள் மழைபோல் விழுந்தாலோ, திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். ஓசிடி அறிக்கை வந்ததும் அதில் ‘நடுப்பகுதியின் தடிமன்’ என்று இருக்கும் எண்ணையும், இரண்டு கண்ணின் பார்வை அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள். ஊசியா, காத்திருப்பதா என்று உங்கள் மருத்துவர் சொல்வது புரியவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், விளக்கிச் சொல்கிறேன்.